ஜாஸ்லின் கட்டிய மார்ச் கயிறு

ஜாஸ்லினுக்கு வாய் நீளம் என்று பர்மியத் தமிழர்கள் வாழும் எங்கள் பசுந்தாங் தெருவே சொல்லும். அந்த வாய் திறக்காத இடம் ஒன்றுதான்: எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் பிரேம்நாத். சின்ன வயதிலிருந்தே அவன்மேல் ஆசை; சொன்னதில்லை. ருமேனியாவுக்குப் போய் இரண்டு வருடம் கோட்டு தைத்துவிட்டு வந்தாள். வந்தும் சொல்லவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது.

பிரேம்நாத்தின் அக்கா சாந்தி சும்மா இருப்பாளா? வெளியூரான மோல்மேனில் ஒரு பெண்ணைப் பார்க்க, மார்ச் முதல் ஞாயிறு தம்பியை அழைத்துப்போவதாக நாள் குறித்துவிட்டாள். ஜாஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

ருமேனியாவில் மார்ச் முதல் தேதி ஆண்கள் பெண்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு கொடுப்பார்களாம். மார்ட்சிஷோர் என்று பெயர். வசந்தத்தை வரவேற்கிற சடங்கு. மாதம் முழுக்க அணிந்திருந்து, பிறகு பூத்த மரக்கிளையில் கட்டிவிடுவார்களாம். ஜாஸ்லின் ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தாள். மார்ச் முதல் தேதி காலை தெருப் பெண்களுக்கெல்லாம் கட்டினாள். ஆண்களில் ஒருவனுக்குத்தான் கட்டினாள். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சாந்தி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் தம்பியின் மணிக்கட்டைப் பார்த்துப் பதறினாள். "என்னடி இது, காப்பா கட்டிட்டே?"

"நம்ம தெருமுனை படாவ் மரம் பூத்ததும் அதுல கட்டிரணும்க்கா. அதுவரைக்கும் அவுக்கக் கூடாது," என்றாள் ஜாஸ்லின். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பிரேம்நாத் முகத்தைப் பூசாரி போல வைத்துக்கொண்டான். "காப்புக் கட்டினா ஊரெல்லை தாண்டக் கூடாதேக்கா. கறியும் ஆகாது."

படாவ் பூப்பது ஏப்ரலில், திஞ்ஞான் எனும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில். சாந்தி தினமும் மரத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டினாள். மோல்மேன்காரர்கள் பொறுக்காமல் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

ஜாஸ்லினுக்கு அதற்குப் பிறகுதான் மனசு குத்தியது. தன்னால் ஒருவன் கறியில்லாமல் கிடக்கிறானே என்று தினமும் பருப்பு சமைத்துக் கொடுத்துவிட்டாள். மார்ச் கடைசியில் தைத்த துணி கொடுக்க, ஊரின் மேற்குக் கோடியில் உள்ள அலோனுக்குப் போனவள், அங்கே ஒரு பிரியாணிக் கடையில் பிரேம்நாத்தைப் பார்த்தாள். மணிக்கட்டில் கயிறு, கையில் கோழிக்கால்.

"காப்புக் கட்டிட்டு கறியா, கோ பிரேம்?" கோபத்திலும் பர்மிய மரியாதைக்குக் 'கோ' சேர்த்தே கேட்டாள்.

"இதா காப்பு?" அவன் எலும்பைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு வருஷமும் பேஸ்புக்குல படம் போட்டியே. ஆம்பளதான் பொம்பளைக்குக் குடுப்பாங்கன்னு நீதான எழுதினே. தலைகீழாக் கட்டிட்டு என்னைக் கேக்கிறியா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா மோல்மேன் போகணுமே."

"அப்போ நான் குடுத்துவிட்ட பருப்பு?"

"அதையும்தான் தின்னேன்."

ஜாஸ்லினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் கை கழுவிவிட்டு வந்து, பல்லால் முடிச்சை அவிழ்த்தான். "கைய நீட்டு," என்றான். நீட்டினாள்.

அன்று மாலை சாந்தி தம்பியின் வெறுங்கையைப் பார்த்தாள். "மரம் இன்னும் பூக்கலியே. ஏண்டா அவுத்தே?"

"அவுக்கலக்கா," என்று எதிர்வாசலில் நின்ற ஜாஸ்லினைக் காட்டினான் பிரேம்நாத். "மாத்திக் கட்டியிருக்கேன்."