பெட்டி மாறிய துண்டுச்சீட்டு

என் அக்காவின் கணவருக்குச் சபையில் வைத்த பெயர் பம்பரம். ஒன்றரை மணி நேர ஆராதனையில் முக்கால் மணி நேரம் அவர் இருக்கையில் இருக்க மாட்டார். மின்விசிறி சத்தம் போட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார். கதவு கிறீச்சிட்டால் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுப்பார். எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது எங்காவது திருகாணி முடுக்கும் சத்தம் கேட்டால், அது யார் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

லிஃப்ட் மெக்கானிக். ஜெபத்தைப் பற்றிய அவருடைய கருத்தும் லிஃப்டிலிருந்து வந்ததுதான். "பட்டனை ஒரு தடவ அமுக்கினாப் போதும். பத்துத் தடவ அமுக்கினா மட்டும் சீக்கிரம் வந்துருமா? நம்ம சபைல பாதிப் பேரு ஜெபம் அப்படித்தான்" என்று போதகரின் காதுபடவே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அக்கா பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள். குரல் கம்முகிறதே என்று டாக்டரிடம் போனபோதுதான் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி இருப்பது தெரிந்தது. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அன்றிலிருந்து அத்தான் வீட்டில் தங்குவதே இல்லை. மற்றவர்களின் முறை வேலையையும் இவரே வாங்கிக்கொண்டார். வேலை முடிந்து வந்தால் குழாயைக் கழற்றுவார், பக்கத்து வீட்டு கேட்டைச் சரிசெய்யப் போவார். அக்கா பேச வாயெடுத்தால் சாவியைத் தேடுவார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அத்தான், அக்கா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் என்ன?"

"உக்காந்தா வேலையெல்லாம் யாரு பாக்குறது, மாப்ள?"

கல் மனசு என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். அதே மனிதர் வாரம் தவறாமல் விண்ணப்பப் பெட்டியில் துண்டுச்சீட்டு போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் சபை வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் ஸ்தோத்திரம். வேண்டுதலை இதில் போட வேண்டும், நன்றியை அதில் போட வேண்டும். சீட்டில் நீட்டி முழக்கி எழுதுவதில்லை. "மகள் பரீட்சை", "கால்வலி" என்று இரண்டு சொல் போதும். வேண்டுவதா, நன்றி சொல்வதா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். முடிவுக்குக் காத்திருந்த இரண்டாவது வாரம் வாசல் சுவருக்கு வெள்ளையடித்தவன் நான். கூடவே பெட்டிகளுக்கும் அடித்தேன். எழுத்து மறைந்தது, அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். மாட்டும்போது இடம் மாற்றி மாட்டியது எனக்கே தெரியாது. பெட்டி திறக்கிற சபை மூப்பருக்கு இடம் கணக்கில்லை, பூட்டுத்தான் அடையாளம். பித்தளைப் பூட்டு என்றால் ஸ்தோத்திரம். சீட்டு போடுகிறவர்களுக்கோ இடம்தான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசித்தார். "தையல்கார அம்மாவின் மாமியார் வருகைக்காக ஸ்தோத்திரம்!" என்றார். சபையும் ஸ்தோத்திரம் என்றது. தையல்கார அம்மாவின் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. அடுத்த சீட்டைப் பிரித்ததும் போதகரின் குரலே உயர்ந்தது.

"நம்முடைய பாடகர் குழுச் சகோதரியின் கழுத்துக் கட்டி நீங்கினதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

சீட்டில் "மனைவி கழுத்துக் கட்டி" என்பதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, "நீங்கினதற்காக" என்பதைப் போதகர் தானே சேர்த்துக்கொண்டார். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன். பாடகர் குழு சபையைப் பார்த்து நிற்கும். அக்கா கடைசி பெஞ்சில் இருந்த அத்தானைத்தான் பார்த்தாள். மருத்துவமனையிலிருந்து இவருக்கு முன்னாலேயே தகவல் வந்துவிட்டது, சபையில் வைத்துச் சொல்லலாம் என்று மறைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

உடனே நன்றிப் பாட்டு. ஒரு மாதமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவள், கம்மிய குரலோடு பாடினாள். குரல் பிசிறியது. அவள் கவலைப்படவில்லை.

அத்தான் பேயறைந்தவர் போல இருந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். அவர் போகும் வழியில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், இன்னொருவர் கட்டிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அவர் மனதில் என்ன ஓடியது என்று பிறகு என்னிடம் சொன்னார். முடிவு வர இன்னும் இரண்டே நாள்தான், அதுவரை சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியதாம். ஆனால் செவ்வாய்க்கிழமை முடிவு வேறு மாதிரி வந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் தோன்றியதாம்.

பாட்டு முடிந்தது. "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். ஆராதனை நடுவில் அவர் எழுந்து பேசி நான் கேட்டதே இல்லை.

"அது ஸ்தோத்திரம் இல்ல ஐயா, விண்ணப்பம். ரிப்போர்ட் இன்னும் வரல. கட்டி அப்படியேதான் இருக்கு. எனக்கு..." பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு ஐயா. அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போதகர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தையல்கார அம்மா எழுந்து, "ஐயா, என் மாமியார் வர்றதும் விண்ணப்பந்தான்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் எங்களால் அன்று அக்காவுக்காக ஜெபித்திருக்க முடியாது.

ஆராதனை முடிந்ததும் போதகர் அக்காவிடம் ஓடி வந்தார். "தப்பா ஸ்தோத்திரம் சொல்லிட்டோமேம்மா."

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் ஐயா. திருப்பியா வாங்க முடியும்?"

பெட்டியை மாற்றி மாட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அத்தான் என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான். அக்காவின் எதிரில் வந்து நின்றார். கையில் செய்ய எந்த வேலையும் இல்லை.

"கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்த. அதையும் கெடுத்துட்டேன்" என்றார்.

"என்னைப் பாக்கப் பிடிக்காமத்தான் ஓடுறீங்கன்னு இருந்தேன்" என்றாள் அக்கா. "ரெண்டு வாரமா நான் ஒருத்திதான் பயந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேங்க."