சொல்லத் தயங்கிய ஒரு வாக்கியம்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் மகன் கதிர் திரும்ப மாட்டான். அப்போது அவனுக்கு மூன்று வயது. காது மந்தம் என்றார்கள். பக்கத்து அறையில் மிட்டாய்த் தாள் சரசரத்தால் ஓடி வருகிறவனுக்கு என்ன மந்தம்?

"கோர்ட்டுல ஊரையே பேச வெக்கற. நம்மூட்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டேங்கறானே" என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீல். வீட்டில் தமிழ், கோர்ட்டில் மலையாளம்.

பாலக்காட்டில் ஒரு டாக்டர்தான் ஆட்டிசம் (பிறரோடு பேசுவதிலும் பழகுவதிலும் குழந்தைப் பருவத்திலேயே தெரியும் வேறுபாடு) என்றார். எழுபதுகளில் அந்தச் சொல்லை எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. தாய் வேலைக்குப் போவதால் வந்த வினை என்று ஊரே தீர்ப்பு எழுதியிருந்தது. "உங்கள் தப்பு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்ன அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அந்த மனிதரை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

அவர் கோட்டயத்துக்காரர், தமிழ் அரைகுறை. எஸ்டேட்டுகளிலிருந்து வரும் தமிழ்த் தாய்மார்களிடம் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன்.

அப்படி வந்தவள் எஸ்தர். மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மடியில் ஐந்து வயது மகன் ஜோசப். வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். தமிழில் கேட்டேன். எஸ்தர் தரையைப் பார்த்தாள்.

"ஓடிப்போயிருதான்னு புள்ளைகளப் பாத்துக்கிற கிரெஷ்ல சேக்க மாட்டேங்காவ. கட்டில் காலோட கெட்டிப்போட்டுட்டுத்தான் கொழுந்துக்குப் போறேன்க்கா. இவுககிட்ட சொன்னா புள்ளயப் புடுங்கிருவாகளா?"

கட்சிக்காரருக்குப் பாதகமானதை வெளியே வரவிடாமல் காப்பதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பிறகு டாக்டர் வைத்தியம் பார்ப்பது வேறு யாரோ ஒரு பிள்ளைக்கு அல்லவா?

"எம் பையனும் இப்படித்தான் அம்மிணி. இவரு நல்லவரு. சொல்லட்டுமா?"

அவள் யோசித்தாள். ஜோசப்பின் தலையைத் தடவினாள். "சொல்லுங்கக்கா."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பேடிக்கண்டா, மோளே" என்றார். பயப்படாதே மகளே என்று நான் தமிழில் சொல்வதற்குள் எஸ்தர் அழத் தொடங்கியிருந்தாள்.

கட்டிவைப்பது நின்றால்தான் பயிற்சி (பார்க்கவும் கேட்கவும் கைகாட்டவும் பழக்குவது) பலிக்கும் என்றார் டாக்டர். அடுத்த வாரமே மறையூருக்குப் பஸ் ஏறினேன். எஸ்டேட் மேனேஜர் முன்னால் கறுப்புக் கோட்டோடு போய் நின்றேன். பயமுறுத்தத்தான், வேறெதற்கு? மனிதர் துளியும் பயப்படவில்லை, ஆனால் காது கொடுத்துக் கேட்டார். புண்ணியவான்! கிரெஷ் வாசலுக்குப் படல் வைத்துக் கொடுத்தார். எஸ்தருக்கு அதன் பக்கத்திலேயே வேலை போட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், சொல்லக் கூசுவதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஜோசப் இன்னும் பேசவில்லை. கதிரும்தான். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். நானும் அவசரமில்லாமல் போகக் கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எஸ்தர் மறுபடி வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"இப்பத்தான்க்கா கொழுந்து எடுக்கையில மழ பெய்யுற சத்தமே காதுல விழுது. முன்னெல்லாம், எம்புட்டுத் தொலவுல நின்னாலும், இவன் அழுறதுதான் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு."