தகரக் கூரையின் கீழ் ஒரு வசனம்

குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் ஏறியது. ரப்பர் மரத்தின் வெட்டில் உறைந்துபோகும் அந்தப் பாலை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கிதான் ஒருகாலத்தில் எங்கள் சினிமாக் கொட்டகை. கையிலிருந்த போனிலோ, வாட்ஸப் குழுவில் கூடப் படித்த மேதாவிகள் தொண்ணூறுகளின் சிறந்த படம் எது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். துபாயிலிருந்து வில்சன் தீர்ப்பு எழுதியிருந்தான்: "என்னக் கொல்லணும்னா சோறு தின்னுட்டு வாலே, தெம்பில்லாதவனுக்க கையால சாவ எனக்கு மனசில்லன்னு ஹீரோ சொல்லுவான் பாத்தியா, அதாக்கும் வசனம்!"

மெட்ராஸில் எழுதிய வசனத்தில் எங்களூர் 'வாலே' எப்படி வந்தது என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஐப்பசியில் மதியக் காட்சிக்கு நடுவே மழை பிடித்துவிட்டால், அந்தத் தகரக் கூரை போடும் இரைச்சலில் திரையில் வாய்கள் மட்டும் அசையும், பெஞ்சுக்கடியில் தண்ணீர் ஓடும், நாங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொள்வோம், அப்போது பால்வெட்டு முடித்து அதே சேலையோடு வந்திருக்கும் ரோசம்மைக்கா, கடலையை மென்றபடி, எட்டூருக்குக் கேட்கும் தொண்டையில் எல்லாருடைய வசனத்தையும் தானே உண்டாக்கிச் சொல்லுவாள். அந்தச் சோற்று வசனமும் அவளுடையதுதான். பின்னாளில் அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். அந்த இடத்தில் கதாநாயகன் வாயே திறக்கவில்லை.

இதைக் குழுவில் எழுதினேன்.

"ஒனக்கு சினிமாவப் பத்தி என்னட்டி தெரியும்?" என்றான் வில்சன். அன்று கொட்டகையில் அவள் சேலையின் ஒட்டுப்பால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தப் பால்வெட்டுக்காரியப் பிடிச்சு வெளிய தள்ளுங்கலே" என்று மழையை மீறிக் கத்தியவன்.