கடைசி நாற்காலிக்கு மிஞ்சிய வினைச்சொல்

தொழிற்சாலைகளுக்குப் போய் மொழி சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். மலேசியாவின் ஜோகூர் பாருவில் நான் வேலை பார்த்த மொழி நிலையத்தில் என் இடத்துக்கு இரண்டு பேரை எடுத்திருக்கிறார்களாம். பாடம் எடுக்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள், கதவைத் தாண்டியதும் ஒருவருக்கு ஒருவர் என்ன ஆகிறார்கள் என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கலைவாணிக்குத்தான் கெட்டது.

1. டிரெய்னிங் ரூம்

கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலை. மின்சாதனங்களுக்கு உதிரிபாகம் செய்வார்கள். முதலாளிகள் பிரெஞ்சுக்காரர்கள். வருடா வருடம் இங்கிருந்து சிலரை பிரான்சில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். போய் வந்தால் சூப்பர்வைசர் பதவி. போகிறவர்களுக்கு அடிப்படை பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு, கேண்டீனுக்குப் பின்னால் இருந்த டிரெய்னிங் ரூமில் வகுப்பு.

லாபிஸில் பிறந்த தமிழச்சிக்கு பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். அங்கேயும் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய வகுப்பு நிரம்பிவிட்டது, என்னை இதில் தள்ளிவிட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். அன்றோடு பயம் விட்டுப்போயிற்று, எல்லோருக்கும் வாய் திறந்தது.

முதலில் கேட்டவர் தேவராஜ், கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். அவரும் மாணவராக வந்து உட்கார்ந்துவிட்டார். "போஸ் நானே படிச்சாத்தான் பிள்ளைங்களும் படிப்பாங்க, டீச்சர்" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. மேனேஜர் தவறாமல் வருகிற வகுப்பில் யாரும் மட்டம் போட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கலைவாணி குவாலிட்டி பகுதியில் லைன் லீடர். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். ஷிப்டை ஒப்படைத்துவிட்டு வருவதற்குள் எப்போதும் நேரமாகிவிடும், அதனால் கதவோரம் இருந்த கடைசி நாற்காலி அவளுடையது. வகுப்பிலேயே கெட்டி அவள்தான். பயிற்சிக்குப் போக அவள் பெயரும் பைசால் என்ற மெக்கானிக்கின் பெயரும் ஏறக்குறைய முடிவாகியிருந்தன. அவள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் அம்மா, கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் மகள் பிரான்சுக்குப் போகிறாள் என்று சொல்லிவிட்டார்.

2. போகிறேன், போகிறாய், போகிறாள்

அன்றைய பாடம் அண்மை எதிர்காலம். பிரெஞ்சில் இதைவிட லேசான காலம் கிடையாது. 'போ' என்கிற ஒரு வினையை மட்டும் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும், அடுத்த வினையைத் தொடவே வேண்டாம். ழு வே மான்ழே என்றால் சாப்பிடப் போகிறேன். நாம் பேசுகிற மாதிரியேதான். தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் 'இவ்வளவுதானா' என்பது போலப் பார்ப்பார்கள்.

லேசான பாடம் என்பதால் ஒரு கண்டிஷன் போடுவேன். போர்டில் வினைச்சொற்களை எழுதிவிட்டு ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். ஒருவர் சொன்ன வினையை இன்னொருவர் சொல்லக் கூடாது. சொன்னதை உடனே அழித்துவிடுவேன். இல்லாவிட்டால் வகுப்பு முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும்தான் இருக்கும்.

முன்வரிசைக்கு நல்ல நல்ல வினைகள் போய்விட்டன. பைசால் மெர்சிங்கில் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். தேவராஜ் புதுக் கார் வாங்கப் போவதாகச் சொன்னார். இரண்டுமே உண்மை. கலைவாணியின் முறை வந்தபோது போர்டில் மிஞ்சியவை விழு, தொலை, விட்டுப்போ, இந்த மூன்றுதான். அவள் சிரித்துக்கொண்டே மூன்றையும் பார்த்தாள். ழு வே கித்தே, விட்டுப்போகப் போகிறேன் என்றாள்.

எதை என்று கேட்டேன். மொழி ஆசிரியர்களுக்கு அது கை வந்த கேள்வி. வாக்கியம் அரைகுறையாக நின்றால் எங்களுக்குப் பொறுக்காது.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். முந்தின வகுப்பில் படித்த சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். லுஸீன் என்றாள். தொழிற்சாலையை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் கோரஸாகச் சொல்ல வைத்தேன். நீ தொழிற்சாலையை விட்டுப்போகப் போகிறாய். அவள் விட்டுப்போகப் போகிறாள். நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரியும். 'எல் வா கித்தே லுஸீன்' என்று அவளைக் காட்டி மிகத் தெளிவாகச் சொன்னவர் தேவராஜ். நான் அவரையும் பாராட்டினேன்.

3. பட்டியலில் இல்லாத பெயர்

அடுத்த வாரம் வகுப்புக்கு முன்னால் பைசால் வந்து, தன் பெயர் உறுதியாகிவிட்டது என்றும் கூட வருவது ஸ்டோரில் வேலை பார்க்கும் வேறொருவர் என்றும் சொன்னார். கலைவாணியின் பெயர் இல்லை. நேராக தேவராஜின் அறைக்குப் போனேன்.

அவர் ஒளிக்கவில்லை. கெட்ட மனிதர் என்று அவரை நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் பயம் எனக்குப் புரிந்தது. கம்பெனி செலவில் ஜெர்மனிக்குப் போய்ப் படித்து வந்த ஒரு பையன், வந்த சூட்டோடு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். மேலிடத்தில் தேவராஜைத்தான் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள்.

"இன்னொரு தடவ என்னால பதில் சொல்ல முடியாது, டீச்சர். அவளே சொல்லிட்டா லா, வேலைய விட்டுப் போகப் போறேன்னு. எல்லாரும் கேட்டோம்."

அது பயிற்சி வாக்கியம் என்றேன். போர்டில் வேறு நல்ல வினை மிஞ்சவில்லை என்றேன். என் கண்டிஷனை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பைசால் மீன் பிடிக்கப் போனான், நான் கார் வாங்கினேன், அவள் சொன்னது மட்டும் எப்படிப் பொய்யாகும் என்றார். மனதில் இல்லாதது வாயில் வராது என்பது அவர் கட்சி.

"அவ மனசிலேர்ந்து வரல, சார். நான் எழுதிப் போட்ட போர்டிலேர்ந்து வந்துச்சு."

தேவராஜ் மேஜையில் இருந்த பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயர்கள் பிரான்சுக்குப் போய்விட்டன, இனி மாற்றினால் இன்னும் கேள்வி வரும், அடுத்த முறை அவளைத்தான் முதலில் போடுவேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. தாய்க் கம்பெனி செலவைக் குறைத்து அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

காரணத்தைக் கலைவாணியிடம் நானே சொன்னேன். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"நான் சும்மாதான சொன்னேன், டீச்சர். நீங்கதான எதன்னு கேட்டீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததை அப்படியே சொன்னாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து நான் பேசட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

4. சரியான வாக்கியம்

வகுப்புகள் இன்னும் கொஞ்ச நாள் நடந்தன. அவள் வராமல் நின்றுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நின்றால் மேனேஜர் என்ன நினைப்பாரோ என்று பயந்தோ என்னவோ, ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. இப்போதெல்லாம் நேரத்துக்கு வந்தாள்.

பாடங்களை முடிக்கும்போது பழைய பாடத்தை ஒரு சுற்று ஓட்டுவது வழக்கம். அண்மை எதிர்காலத்துக்கு இந்த முறை கண்டிஷன் எதுவும் போடவில்லை. பிடித்த வினையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் சொன்னதையே இன்னொருவரும் சொல்லலாம் என்றேன். சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் கல்யாணம் செய்தார்கள், ஒருவர் யானை வாங்கினார். அறையே சிரித்தது.

கலைவாணி எழுந்து நின்றாள். தேவராஜ் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"ழு வே த்ராவையே," என்றாள். வேலை செய்யப் போகிறேன்.

இன்னொன்று சொல், கலை, எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். தொழிற்சாலையில் வேலை செய்யப் போகிறேன் என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். தேவராஜ் திருப்தியாகத் தலையாட்டினார்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த எந்தக் கம்பெனியிலும் மேனேஜரையும் அவருக்குக் கீழே இருப்பவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கவில்லை. நிலையத்தில் சண்டை போட்டே இதை வாங்கினேன். 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு முன்னால், இது விளையாட்டு, இங்கே சொல்வது இங்கேயே முடிந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சொல்லிவிடுவேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அந்த இரண்டு பேரும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டால் நல்லது. நான் இதைக் கற்றுக்கொண்டது அந்தப் பெண்ணை வைத்து என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தச் சுற்றில் கலைவாணி சொன்ன வாக்கியத்தில் இலக்கணக் குறை ஒன்றுமில்லை. உச்சரிப்பும் முன்பு போலவே சுத்தமாக இருந்தது. ஒரு மொழியில், நிஜத்தில் இல்லாததையெல்லாம் சொல்லிப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் நான் ஆசிரியை ஆனேன். கலைவாணி என்னிடமிருந்து கடைசியாகக் கற்றுக்கொண்டது, எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதை. அன்று அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.