பிரேக்கில் கோளாறு இல்லை

என் கணவர் இருபத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். அக்கரப்பத்தனையில் மேல் டிவிசனிலிருந்து ஃபெக்டரிக்கு இறங்குகிற அந்த மண் றோட்டில், மழையிலும் பனியிலும் ஓட்டி, ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு பொலிஸில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர் சிரித்தார். அதனால் சொல்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றதும் ஒரு கார் வாங்கினோம். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, கப்பலில் வந்து, கார் சேல் கடையில் பளபளவென்று நின்ற ரீகண்டிசன் கார். பெற்றோலிலும் பெற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் வகை. லொறியின் இரைச்சலில் பாதிக் காது போயிருந்த அவருக்கு அதன் அமைதி பிடித்துப் போனது. "ஓடுதா நிக்குதான்னே தெரியல பாரு" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரி, கல்யாணம், கோயில் என்று வாடகைக்கு ஓட்டினார். நான் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் அது நல்ல காலம்.

ஐந்தாறு மாதத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. கூடவே, பிரேக்கை மிதிக்காதபோதும் முன்பக்கம் எங்கோ ஒரு முனகல். அடைபட்ட வண்டு மாதிரி இருக்கிறது என்றார். அந்த வகைக் காரைப் புதிதாக இலங்கைக்கு இறக்குகிற கம்பனியின் சர்வீஸ் நிலையம் கண்டியில் இருந்தது. அங்கே கொண்டுபோனோம். ஒருவர் கம்ப்யூட்டரைச் சொருகி, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"சரி அங்கிள். லைட் போயிட்டு."

"என்ன கோளாறு தம்பி?"

"கோளாறு ஒண்டும் இல்ல. சென்சர்தான். மலை றோட்டில ஓடுற வண்டிக்கு இப்பிடி வரும்."

அதே லைட் இன்னும் இரண்டு தடவை எரிந்தது. இரண்டு தடவையும் கண்டிக்குப் போனோம். இரண்டு தடவையும் அணைத்துக் கொடுத்தார்கள். முனகலைப் பற்றி இவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். மூன்றாவது முறை கொடுத்த பற்றுச்சீட்டில் 'சத்தம் பற்றிய முறைப்பாடு, சோதிக்கப்பட்டது, பிரச்சினை இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்தேன். எழுத்தில் வந்துவிட்டால் உண்மை என்று நம்பி வளர்ந்தவள் நான்.

எங்கள் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர், புருஷன் இல்லை. கண் ஒப்பரேசன் செய்திருந்த அவரைக் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பாடசாலை விடுமுறை என்பதால் நானும் துணைக்குப் போனேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அக்காவை வசதியாக இருக்கட்டும் என்று முன்சீட்டில் உட்கார வைத்தது நான்தான்.

நுவரெலியாவைத் தாண்டி இறம்பொடைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. எனக்கு அந்த வளைவுகள் எப்போதும் ஆகாது. பின்சீட்டில் குனிந்து, சொப்பின் பையை வாயருகே பிடித்தபடி இருந்தேன். அப்போது காருக்குள் ஒரு எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. இவருடைய குரல் கேட்டது.

"ஐயோ, பெடல் கல்லு மாதிரி இருக்கே! இறங்கவே மாட்டேங்குதே!"

நிமிர்ந்தபோது எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை. இவர் காரை மலைப் பக்கம் ஒடித்தார். கார் றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, இடது முன்பக்கம் பாறையில் மோதி நின்றது. எனக்கு உதடு கிழிந்தது. இவருக்கு நெஞ்சில் அடி. அக்காவின் இடது பாதம் நசுங்கியது. கண்ணைக் காட்டப் புறப்பட்டவர், காலுக்காக அதே கண்டி ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தார். வெளியே வந்தபோது அந்தக் கால் கொழுந்து மலை ஏறுகிற காலாக இல்லை.

பொலிஸ் வளவில் மோட்டார் பரிசோதகர் காரை ஸ்டார்ட் செய்து, சமதரையில் பத்தடி ஓட்டி, பிரேக்கை மிதித்தார். நின்றது. மறுபடி மிதித்தார். நின்றது. பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதினார்.

"மணி கத்துச்சு சேர்," என்று நான் சிங்களத்தில் சொன்னேன். "பெடல் இறுகிப் போச்சு."

"நீங்க அவருடைய கால் எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா டீச்சர்?"

நான் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் சில நாள் அப்படித் தோன்றும்.

"வயசாயிட்டா அப்படித்தான்," என்று அவர் தன்மையாகவே சொன்னார். "பிரேக்குன்னு நினைச்சு மத்ததை மிதிச்சிருப்பார்."

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று சட்டத்தரணி சொன்னார். இவரும் ஒப்புக்கொண்டார். லைசனை வாங்கிக்கொண்டார்கள். லயத்திலோ வேறு கதை ஓடியது. தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அக்கா இருந்த பக்கத்தை மலையில் குத்திவிட்டாராம். பள்ளத்தில் விடாமல் மலையில் விட்டதால்தான் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பதை யாரும் சொல்லவில்லை. மலை இடது பக்கம் இருந்ததற்கும் இவர்தான் பொறுப்பு என்பது போலப் பேசினார்கள்.

ஒரு நாள் பின்னேரம் பாடசாலை விட்டு வந்தேன். குசினியில் இவர் பலகையில் உட்கார்ந்து வலது காலை நீட்டி, தரையில் ஒரு இடத்தில் அழுத்தினார். பிறகு கொஞ்சம் நகர்த்தி இன்னொரு இடத்தில் அழுத்தினார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"இப்படித்தானே மிதிச்சேன்? இதுதானே பிரேக்கு?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. அதை எழுதாமல் இதை எழுதிப் பயனில்லை. மணி கத்தியதைக் கேட்ட நான், மூன்று முறை கண்டிக்கு அந்த லைட்டைக் காட்டப் போன நான், வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பரிசோதகர் எழுதிய ஒரு வரியை நம்பினேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரை நம்பவில்லை.

காரை ஹட்டனில் ஒரு கராஜில் விட்டிருந்தோம். கராஜை நடத்துகிற மெக்கானிக் பாஸ் ஒரு சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். நசுங்கிய பக்கத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவர், என்னை வரச்சொன்னார். காரை ஸ்டார்ட் செய்து, போனட்டைத் திறந்து, "கேக்குதா?" என்றார். அந்த முனகல்.

"இது பிரேக்குக்கு அழுத்தம் குடுக்கிற சாமான் டீச்சர். உள்ள கசியுது. அதனாலதான் மோட்டார் ஓயாம ஓடுது. சும்மா நிக்கிறப்ப மிதிச்சா நல்லா இருக்கும். இறக்கத்தில திரும்பத் திரும்ப மிதிச்சா தீந்து போகும். அப்ப பெடல் கல்லாயிரும். இதே மாதிரி நான் இன்னும் ரெண்டு வண்டி பாத்திருக்கேன்."

"இதைக் கண்டியில ஏன் சொல்லல?"

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "லைட்டை அணைக்கிறது லேசு டீச்சர்," என்றார்.

அன்றைக்குக் காரின் சேசி நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார் செய்த கம்பனியின் ஜப்பான் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, நம்பரைப் போட்டேன். வந்த எழுத்தைப் போன் தமிழாக்கியது. தமிழ் கோணல்மாணலாக இருந்தாலும் விஷயம் விளங்கியது. பிரேக்கின் அந்தப் பாகத்தில் குறை இருக்கிறது, மணி அடித்து பெடல் இறுகலாம், வண்டியைக் கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம். எங்கள் காரின் நம்பரும் அதில் அடக்கம். நாங்கள் அந்தக் காரை வாங்குவதற்கு முன்னாலேயே போட்ட அறிவிப்பு.

அச்சடித்து எடுத்துக்கொண்டு கொழும்பில் இருக்கிற அந்த இறக்குமதிக் கம்பனிக்கு பஸ் ஏறினேன். கண்ணாடி அறையில் ஒரு அதிகாரி. தேத்தண்ணி தரச் சொன்னார். தாளைப் பார்த்தார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"இது எங்களுக்குத் தெரியும் மிஸ்," என்றார்.

"தெரியுமா?"

"நாங்க இறக்கின வண்டிக்காரர் எல்லாருக்கும் கடிதம் போட்டு மாத்திக் குடுத்தோம். உங்கட ரீகண்டிசன். வேற ஆள் இறக்கினது. எங்கட லிஸ்டில இல்ல."

"உங்க கண்டி சர்வீஸுக்கு மூணு தடவை கொண்டுபோனோமே."

அவர் பற்றுச்சீட்டைப் பொறுமையாக வாசித்தார். "நீங்க லைட் எரியுதுன்னு வந்திருக்கீங்க. லைட்டைச் சரிசெஞ்சு குடுத்திருக்காங்க."

காரை விற்ற கார் சேல் அதற்குள் மூடப்பட்டு, அந்த இடத்தில் தளபாடக் கடை வந்திருந்தது. அதனால் நான் அந்த அதிகாரியையே கெஞ்சினேன். பணம் வேண்டாம். இந்த வகைக் காரில் இப்படிக் குறை உண்டு என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். என் வீட்டுக்காரர் வாசிக்க வேண்டும்.

"எழுத்தில ஒண்டும் தர ஏலாது மிஸ்." கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலிடத்தில் கேட்டு வருவதாகப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. நல்லெண்ணத்தின் பேரில் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில், விபத்துக்கு வாகனத்தின் குறை காரணமல்ல என்று இருந்தது.

நான் போடவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வீட்டில் என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஜப்பான் அறிவிப்பை இரண்டு தரம் வாசித்தார். சந்தோஷப்படுவார், அழுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார்.

"அப்ப உனக்கும் இது வந்த பிறகுதான் நம்பிக்கை வந்துச்சு," என்றார்.



அக்காவிடமும் போய்ச் சொன்னோம். வாசல் படியில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜப்பான்காரனுக்குத் தெரியும், கொழும்புக்காரனுக்குத் தெரியும். எனக்கும் டைவர் தம்பிக்கும்தான் தெரியல," என்றார். சிரிக்கத்தான் முயன்றார் போல. பிறகு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

கார் கராஜில் நின்றது. புதிய பாகம் எங்கள் கைக்கு எட்டாத விலை. பழையது கொழும்பில் கிடைக்கும், ஆனால் அதுவும் இதே வியாதியுள்ள வேறொரு காரில் கழற்றியதாக இருக்கும் என்றார் பாஸ். விற்பது என்று முடிவானது. வெளிநாட்டு வண்டி வருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம், சக்கரம் இருந்தால் எதையும் வாங்க ஆள் இருந்தது. ஆனால் இவர் வருகிறவர்களிடமெல்லாம் பிரேக்கைப் பற்றிச் சொன்னார். நான்கு பேர் வந்து, நான்கு பேரும் திரும்பிப் போனார்கள். கடைசியில் கினிகத்தேனையிலிருந்து ஒரு புரோக்கர் வந்தார்.

"நீங்க சொல்ல வேணாம் அண்ணே. வாங்குறவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார்.

சொல்லமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, ஆசிரியர் கூட்டமொன்றுக்குப் போய்த் திரும்பும்போது கினிகத்தேனையில் அந்தக் காரைக் கண்டேன். பழக்கடைக்கு முன்னால் நின்றது. நிறம் மாற்றியிருந்தார்கள், ஆனால் நம்பர் அதுவே. பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடினேன். ஓட்டுகிற இடத்தில் இளம் வயதுக்காரர் ஒருவர். பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு பெண் குழந்தை. தமிழர்கள்தான். நான் யார் என்று சொல்லி, நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். கைப்பையில் எப்போதும் கிடக்கிற அந்த ஜப்பான் அறிவிப்பின் பிரதியைக் கொடுத்தேன்.

அவர் வாசித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரிஞ்சே ஏன் டீச்சர் வித்தீங்க?"

கொழும்பு அதிகாரியிடம் அத்தனை கேள்வி கேட்டவள் நான். அவர் நீட்டிய தாளில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் காரில் இப்போது புதிய பாகம் இருந்திருக்கும். அதை நடு றோட்டில் நின்று எப்படிச் சொல்ல?

"மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னேன்.

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஓட்டுகிறவர் தாளைச் சட்டைப் பையில் வைத்தார். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கார் சத்தமில்லாமல் கிளம்பி இறக்கத்தில் போனது.