பத்தொன்பதாயிரம் வெள்ளை அணுக்கள்

என் கணவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மாம்புரியில் கரைவலை இழுக்கிறவர் அவர். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுக் கரைக்குப் போகிற ஆள், பாயும் தானுமாகக் கிடந்தார். பதினோராம் நாள் நான் பொறுமை இழந்து, முச்சக்கரவண்டி பிடித்துப் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் எங்கள் மூத்த மகளின் வயதுடைய ஒரு முஸ்லிம் பிள்ளை. இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பின்னேரம் முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் பத்தொன்பதாயிரம் என்று இருந்தது. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"இருமல் இருக்கா? சலம் போகேக்க எரியுதா?" என்று கேட்டார் டொக்டர்.

"இல்ல."

"உடம்பில காயம், புண் ஏதும்?"

"ஒண்டுமில்ல, மகள்," என்றார் என் கணவர்.

டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கழுத்தைத் தடவினார். பிறகு, அணுக்களைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கிற இன்னொரு சோதனைக்கு எழுதிக் கொடுத்து, முடிவோடு ஒரு கிழமையில் வரச் சொன்னார். "கூடியிருக்கு எண்டதுக்காகப் பயப்பட வேணாம். ஏன் கூடினது எண்டு பாப்பம்" என்றார்.

பயப்பட வேண்டாம் என்று ஒரு டொக்டர் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குக் காதில் விழும். வீட்டுக்கு வந்ததும் போனைத் திறந்தேன். படித்திருக்கக் கூடாது, படித்தேன். அதில் இருபது காரணங்கள் இருந்தன. பத்தொன்பதை விட்டுவிட்டு இரத்தப் புற்றுநோயை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை. சோறு போடும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தேன், கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கறிக்கு உப்புக் கூட என்று அவர் சொன்ன ஒரு நாள், சட்டியைத் தூக்கி நாய்க்கு வைத்துவிட்டேன்.

வேறு வழி தெரியாமல் தலவில கோயிலின் புனித அன்னம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால், நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருவோம் என்று. இன்னொருவரின் காலையும் சேர்த்து வாக்குக் கொடுத்தால் அவரிடம் சொல்லத்தானே வேண்டும். இரண்டாம் சோதனையின் முடிவு வர இரண்டு நாள் இருக்கும்போது சொன்னேன்.

"பஸ்ஸில போவமே" என்றார் அவர்.

"நேர்த்திய மாத்த ஏலாது. நடந்துதான்."

"எனக்கு நடக்க ஏலாது."

"காய்ச்சல் விட்ட பிறகுதானே."

"காய்ச்சல் இல்ல. குதிக்கால ஊண்ட ஏலாது."

அன்னம்மாளுக்குப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. டொக்டருக்கு மட்டும் வந்ததா என்று கேட்டேன். பொய் இல்லையாம். மூன்று கிழமைக்கு முன் வலையைக் கொட்டும்போது கெளிறு மீனின் முள் குத்தியதாம். கூட வலை இழுக்கிற அவருடைய பெரியண்ணன் அங்கேயே ஊசியால் தோண்டி எடுத்து, சுடுதண்ணீரில் காலை வைக்கச் செய்து, வேலையைத் தொடரச் சொன்னாராம். எங்கள் கரையில் வழக்கம் அதுதான். முள் குத்தினால் எடுத்து எறிந்துவிட்டு வலையைப் பிடிக்க வேண்டும். அதற்காக வீட்டில் படுத்தவனைச் சாகும் வரைக்கும் பகிடி பண்ணுவார்கள். ஆகவே அது காயம் என்ற கணக்கில் வரவே இல்லை. அவர் நொண்டியதை நானும் பார்த்தேன்தான். காய்ச்சலின் சோர்வு என்று நினைத்தேன்.

காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். நாற்பது வருடம் மணலில் நடந்த பாதம் அது. மேலே சிவப்பும் இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. பெருவிரலால் அமத்தினேன். சத்தம் போடாத மனிதர் சத்தம் போட்டார். அணுக்கள் கூடியதற்கு இந்தக் கால்தான் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. புருஷன் வலியில் கத்தியதற்குச் சந்தோஷப்பட்ட பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் காலையிலேயே டொக்டரின் முன்னால் அந்தக் காலை நீட்ட வைத்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிந்த முள்ளின் நுனி உள்ளே இருந்தது, அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்து, ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுத்தார்கள். டொக்டர் ஏசவில்லை. அவர் ஏசாததால் அந்த வேலையை நானே செய்தேன்.

டொக்டர் விளக்கியது இதுதான். வெள்ளை அணுக்கள் கூடுவது தனியே ஒரு நோய் இல்லை. உள்ளே வந்த கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பு ஆட்களைக் கூட்டுகிறது. நாய்கள் குரைப்பது போலத்தான், குரைத்தால் எழும்பிப் போய் யார் என்று பார்க்க வேண்டும். அவருக்குக் கூடியிருந்தது கிருமிகளோடு மல்லுக்கட்டுகிற வகைதானாம். இரண்டாம் சோதனையின் முடிவும் வந்து சேர்ந்தது. இரத்தப் புற்றுநோயில் காணக்கூடிய முற்றாத அணுக்கள் அதில் இல்லை.

இரண்டு கிழமை கழித்து மறுபடியும் இரத்தம் பார்த்தோம். எட்டாயிரம். நான் மூன்று தரம் வாசித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவரும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கிளினிக் வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நீ போனில பாத்தத நானும் பாத்தனான்."

"எப்ப?"

"அண்டைக்கே. பெரியண்ணனிட்டயும் சொல்லி வச்சிட்டன்."

"என்னத்த?"

"எனக்கு ஏதும் ஆனா உன்னையும் பிள்ளையளையும் பாத்துக்கொள்ளச் சொல்லி."

ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியே செத்துப் பிழைத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. மருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுது முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

"போன எடுங்க," என்றேன். "உங்கட அண்ணனுக்கு எடுத்து, இனித் தேவையில்லையெண்டு சொல்லுங்க. இப்பவே."

அவர் எடுத்தார்.