கட்சாலைப் பெருக்குகிறவள்

போர்ட் பிளேர் அலுவலகத்தில் நஜ்மாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. மற்ற தீவுகளில் இருக்கும் எங்கள் கிளைகளின் கணினிகளை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வது அவள் வேலை. கோபக்காரி. நெட் படுத்துவிட்டால் மேசைக்கு அடி விழும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். சேர்த்து அடுக்கினால் கணினி வேகம் பிடிக்கும். அதற்குப் பெயர் டிஃபிராக். கட்சால் தீவுக் கிளையின் குமாஸ்தா ஜெயமணிக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "தங்கச்சி, எப்ப பெருக்க வாறீங்க?" என்றுதான் மாதாமாதம் போனில் கேட்பார்.

"அரே அண்ணே, நான் என்ன உங்க ஆபீஸ் ஜாடுவாலியா, கூட்டிப் பெருக்க?" என்று சீறிவிட்டுத்தான் இவள் வேலையைத் தொடங்குவாள். அங்கே திரையில் அம்பு தானாக நகர்ந்ததும் ஜெயமணி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுப்பாராம். அவள் முடிக்கும்வரை உட்காரமாட்டாராம்.

போன மாதம் கட்சாலுக்குப் புதுக் கணினி கப்பலேறியது. அதில் இருந்தது புது வகை டிஸ்க்.

"இதுக்குப் பெருக்கவே வேணாம் அண்ணே. பெருக்கினா தேஞ்சுதான் போகும்," என்றாள் நஜ்மா.

போன் ஸ்பீக்கரில் ஜெயமணி கேட்டார்: "அப்ப இனிமே வர மாட்டீங்களா தங்கச்சி?"

நான்தான் கேட்டதுபோல நஜ்மா என்னை முறைத்தாள். மவுஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா? தூசி இருக்கான்னு பாக்க வேணாமா? நாற்காலிய விட்டு எழுந்திரிங்க."